சொந்தமாகக் கட்டிய ஸ்போர்ட்ஸ் காரில் ஏர்கோன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் மைவி, சாகா, அப்புறம் தோட்டத்து லோரி. எப்போதாவது ஒரு கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கிச் சொந்தமாகப் பூட்டிய கார், வந்து நிற்கும். பைபர்கிளாஸ் உடம்பு, ஹாஃப்கட் கடையில் (பழைய காரை வெட்டிப் பாதியாக விற்கும் கடை) எடுத்த ஜப்பான் எஞ்சின், டேஷ்போர்டுக்கு அடியில் திருகி மாட்டிய ஏர்கோன் பெட்டி. ஓட்டி வந்தவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கூரையும் கதவுக் கண்ணாடியும் உள்ள கூப்பே வகைக் காரை மனதில் வைத்து எழுதியது.

புதுசா கேஸ் அடிச்சாச்சு அண்ணே, இன்னும் குளிரலை. பெரிய கம்ப்ரஸர் போடணுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஏர்கோன் குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே போடுகிறது, அவ்வளவுதான். கம்பெனிக் காரில் உள்ளே எவ்வளவு சூடு வரும், மூக்கில் எவ்வளவு காற்று போகும் என்பதைக் கணக்குப் பார்த்துத்தான் எல்லா பாகத்தையும் பொருத்தியிருப்பார்கள். நாம் கட்டின காரில் அந்தக் கணக்கை யாரும் போடவில்லை. ஃபயர்வாலில் (எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள சுவர்) நாலு ஓட்டை, கால் பக்கத்தில் எக்ஸாஸ்ட், கண்டன்சருக்கு (உள்ளே எடுத்த சூட்டை மூக்கில் வெளியே விடும் பாகம்) முன்னால் அழகுக்கு வைத்த சின்ன வாய். இந்த நிலையில் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரைப் பெரிதாக்குவது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைப்பது போலத்தான். முதலில் சூடு உள்ளே வரும் வழியை அடைத்துவிடுங்கள், அப்புறம் கண்டன்சருக்குக் காற்றைக் கொடுங்கள், கேஸையும் கம்ப்ரஸரையும் கடைசியாகப் பார்க்கலாம். இந்த வரிசையை மாற்றினால் பணம்தான் போகும்.

அப்படி எங்கிருந்துதான் இவ்வளவு சூடு வருது?

மூன்று இடம். முதலாவது வெயில். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோவாட் வரை கொட்டும், ஸ்போர்ட்ஸ் காரின் முன் கண்ணாடியோ நன்றாகப் படுத்திருப்பதால் வெயிலை முழுசாக வாங்கிக்கொள்ளும். இரண்டாவது எஞ்சினும் எக்ஸாஸ்டும். கோப்ரா, டேடோனா கூப்பே வடிவ கிட்டுகளில் எக்ஸாஸ்ட் ஹெடர் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்கள்) கால் வைக்கும் பெட்டியை ஒட்டியே போகும், கியர்பாக்ஸ் டனல் தொடையை ஒட்டி இருக்கும். இது நம் ஊர் வெயிலால் மட்டும் வந்த வினை என்று நினைக்காதீர்கள். 1964இல் லெ மான்ஸில் ஜிடி பிரிவை வென்ற அசல் டேடோனா கூப்பேயிலேயே உள்ளே உட்கார்ந்து ஓட்டியவர்களுக்குச் சூடு பெரிய தொல்லையாகத்தான் இருந்தது.

மூன்றாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை: ஓட்டைகள். வயர் போகிற ஓட்டை, கிளட்ச் கேபிள் ஓட்டை, ஸ்டியரிங் தண்டு போகிற இடம், கியர் லீவரின் ரப்பர் உறை, பெடல் பெட்டியின் மூலைகள். கார் ஓடும்போது எஞ்சின் அறைக்குள் காற்று அழுத்தம் ஏறும், கண்ணாடி இடுக்கு வழியாக கேபினுக்குள் அழுத்தம் குறையும், உடனே எஞ்சின் அறையில் வெந்த காற்று இந்த ஓட்டைகள் வழியாக உள்ளே வந்துவிடும். சோதிப்பது சுலபம். இரவில் எஞ்சின் அறைக்குள் ஒரு பலமான விளக்கை வைத்து, எல்லா கதவையும் மூடி, கேபினுக்குள் படுத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் சூடு வரும் இடம். ரப்பர் குரொமெட் (ஓட்டையை அடைக்கும் வளையம்) போடுங்கள். குரொமெட் நிற்காத இடத்தில் சூடு தாங்கும் சீலன்ட் போதும். ஒரு நாள் வேலைதான், ஆனால் இதைச் செய்த பிறகு பல கார்களில் மற்றதெல்லாம் தேவையே படாமல் போயிருக்கிறது.

கறுப்பு ஷீட் தரை முழுக்க ஒட்டிட்டேன், ஆனா தொடை இன்னும் சுடுது.

கடையில் கிடைக்கும் கறுப்பு பியூட்டில் ஷீட் அதிர்வையும் சத்தத்தையும் அடக்கத்தான். சூட்டைத் தடுக்கும் வேலை அதற்குப் பெரிதாகத் தெரியாது. அதன் மேல் காற்றறை மூடிய ஃபோம் ஒன்று வேண்டும், அதற்கும் மேல் கார்ப்பெட். எக்ஸாஸ்ட் பக்கம் வேறு விஷயம்: அங்கே சூடு கதிராக வருகிறது, ஆகவே பளபளக்கும் அலுமினியத் தகடு ஒன்றை ஒரு விரல் இடைவெளி விட்டு வெளிப்பக்கம் மாட்டினால் உள்ளே ஒட்டும் எந்த ஷீட்டையும் விட நன்றாக வேலை செய்யும். இடைவெளியில் காற்று போக வேண்டும், தகட்டைத் தரையோடு ஒட்டவைத்தால் பிரயோசனம் குறைவு.

ஹெடருக்குத் துணிப்பட்டை சுற்றலாமா என்று கேட்பார்கள். சூடு குறையும், உண்மை. ஆனால் நம் ஊரில் நாளுக்கொரு மழை, பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரும்பு ஹெடரைத் துருப்பிடிக்க வைக்கும். காசு இருந்தால் செராமிக் பூச்சுதான் என் தேர்வு.

ஹீட்டரை வச்சிக்கிறதா, கழட்டிடறதா?

கழற்றுங்கள். கிட்டோடு வரும் ஏர்கோன் பெட்டிகள் பல குளிர் நாட்டுக்காகச் செய்தவை, கூலிங் காயிலுக்குப் பக்கத்திலேயே ஹீட்டர் காயிலும் இருக்கும். எஞ்சினின் சுடுதண்ணீரை நிறுத்தும் வால்வு முழுசாக மூடாவிட்டால், இந்தப் பக்கம் குளிரவைத்த காற்றை அந்தப் பக்கம் சூடாக்கி உங்கள் முகத்தில் ஊதும். காயிலுக்குப் போகும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள், சுட்டால் அதுதான் வினை. எஞ்சின் பக்கம் இரண்டையும் ஒரே ஹோஸாகச் சேர்த்துவிடுங்கள். வெறுமனே அடைப்பு போடாதீர்கள், சில எஞ்சின்களில் அந்தத் தண்ணீர் சுற்றினால்தான் தெர்மோஸ்டாட் ஒழுங்காக வேலை செய்யும். கேமரன் மலைக்குப் போனால் கண்ணாடி மூடுபனி பிடிக்குமே என்றால், அதற்கு ஏர்கோனே போதும்.

ஓடும்போது ஜில்லுன்னு வருது. செம்பனை லோரிக்குப் பின்னால மாட்டினா சுடுகாத்துதான். ஏன்?

கண்டன்சருக்குக் காற்று போதவில்லை. ஓடும் வேகம் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, நின்றதும் மாட்டிக்கொண்டீர்கள். உறுதிப்படுத்த: காரை நிறுத்தி ஐடிலில் விட்டு, வீட்டு ஸ்டாண்டு ஃபேன் ஒன்றை மூக்குக்கு முன்னால் வைத்து முழு வேகத்தில் ஓடவிடுங்கள், அல்லது கண்டன்சர் மேல் ஹோஸால் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் உள்ளே காற்று குளிர ஆரம்பித்தால் கேஸிலும் கம்ப்ரஸரிலும் கை வைக்க வேண்டாம்.

அடுத்து, காரின் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். ஃபேன் ஓடும்போது தாள் காரை நோக்கி இழுபட வேண்டும். தள்ளிவிட்டால் ஃபேனின் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள், அது பின்னாலிருந்து முன்னால் ஊதிக்கொண்டு, ஓடும் காற்றோடு சண்டை போடுகிறது. சிரிக்காதீர்கள், கட்டின கார்களில் இது சாதாரணமாக நடப்பது.

திசை சரி என்றால் இடுக்குகளைப் பாருங்கள். காற்று சோம்பேறி, கண்டன்சருக்குள் புகுந்து போவதை விட சுற்றிக்கொண்டு போவதுதான் அதற்குச் சுகம். மூக்கின் வாயிலிருந்து கண்டன்சர் வரை, கண்டன்சரிலிருந்து ரேடியேட்டர் வரை, பக்கவாட்டு மேல் கீழ் எல்லா இடைவெளியையும் ஃபோம் பட்டையாலும் அலுமினியத் தகட்டாலும் மூடுங்கள். ஃபேன் ரேடியேட்டரின் நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த வட்டத்துக்குள் மட்டும்தான் காற்று இழுக்கும், முழு முகத்தையும் மூடும் ஷ்ரவுட் என்ற உறை வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயம், உள்ளே போன காற்று வெளியே வரவும் வழி வேண்டும். பல கிட்டுகளில் மூக்கில் வாய் இருக்கும், எஞ்சின் அறையிலிருந்து வெளியேற வழியே இருக்காது. பானெட்டில் லூவர் (காற்று வெளியேறும் வரிசைத் துவாரம்) வெட்ட மனசு வராது, எனக்குப் புரிகிறது, அவ்வளவு செலவு செய்து பெயின்ட் அடித்த பானெட். ஆனால் முன் சக்கரத்துக்குப் பின்னால் அலங்காரத்துக்கு ஒரு துவாரம் அச்சடித்திருப்பார்களே, அதை உண்மையாகத் திறந்துவிட்டாலே எஞ்சின் சூடும் இறங்கும், ஏர்கோனும் குளிரும். ஈப்போவிலிருந்து மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில் ஏர்கோன் போட்டால் டெம்பரேச்சர் ஊசி ஏறுகிறது என்பவர்களுக்கும் இதே பதில்தான்.

தோட்டச் சாலையில் ஓடுபவர்கள் கண்டன்சரைச் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். செம்மண் தூசி, செம்பனை நார், பூச்சி எல்லாம் சேர்ந்து ஃபின்னை அடைத்துவிடும். மெதுவான தண்ணீர் போதும், பிரஷர் வாஷரை நேராகப் பிடித்தால் ஃபின் மடங்கிவிடும்.

இதுக்கு நேர் எதிர்: முதல்ல நல்லா குளிருது, ஒரு மணி நேரம் ஹைவேல போனா காத்தே வரமாட்டேங்குது.

கூலிங் காயில் ஐஸ் கட்டிக்கொண்டது. நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் திரும்ப நன்றாக வரும், காலடியில் நிறைய தண்ணீர் ஊற்றும், இதுதான் அடையாளம். காயிலின் ஃபின்னுக்குள் தெர்மோஸ்டாட் கம்பி ஒன்று சொருகியிருக்க வேண்டும். காயில் பூஜ்யம் டிகிரியை நெருங்குவதற்கு முன்பே அது கம்ப்ரஸர் கிளட்சை நிறுத்தும். அது வெளியே வந்து தொங்கும், அல்லது பொருத்தும்போது யாரோ அதை வேண்டாமென்று நேராக இணைத்திருப்பார்கள். காயிலுக்குள் எவ்வளவு கேஸ் போக வேண்டும் என்று அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் உணர்முனையையும் பாருங்கள்: அது காயிலிலிருந்து வெளியேறும் குழாயோடு இறுக்கமாகக் கட்டி, மேலே கார்க் டேப் சுற்றியிருக்க வேண்டும். சுற்றாவிட்டால் கேபின் சூட்டை அளந்துகொண்டு தேவைக்கு மேல் கேஸைத் திறந்துவிடும்.

கேஜ் மாட்டினேன். எந்த நம்பர் வந்தா சரி?

கேஜ் காட்டுவது கேஸின் அழுத்தம். ஆர்134ஏ என்ற ஏர்கோன் கேஸ், வெளியே 32, 33 டிகிரி, எஞ்சின் 1500 சுற்று, கதவு திறந்து புளோவர் முழு வேகம் என்று வைத்துக்கொண்டால், தாழ்வு அழுத்தப் பக்கம் 30 முதல் 40 பிஎஸ்ஐ, உயர்வு அழுத்தப் பக்கம் 200 முதல் 250 பிஎஸ்ஐ சுற்றி நின்றால் நல்லது. இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு, அதாவது எங்கேயோ கசிவு. இரண்டும் அதிகம் என்றால் கேஸ் அதிகம், அல்லது கண்டன்சருக்குக் காற்றில்லை, அல்லது உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. தாழ்வு பூஜ்யம் வரை விழுந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு. தாழ்வு ஏறி உயர்வு இறங்கி இரண்டும் பக்கத்தில் வந்துவிட்டால் கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது, அப்போதுதான் புது கம்ப்ரஸர் பற்றிப் பேச வேண்டும்.

கையில் கேஜ் இல்லையென்றால் சமையலறைத் தெர்மாமீட்டரை நடு வென்டில் சொருகுங்கள். உள்காற்றுச் சுழற்சியில் பத்து நிமிடம் ஓட்டியபின் 10 டிகிரி சுற்றி வந்தால் ஏர்கோனை விட்டுவிட்டு ஓட்டைகளைத் தேடுங்கள்.

கம்ப்ரஸர் மாத்தியே ஆகணும்னா எது?

கஞ்சில் கம்ப்ரஸரை மாட்டிவிட்டு வருபவர்கள் உண்டு. கைக்கு அடக்கம், விலை மலிவு, ஆனால் 660 சிசி காருக்கு அளந்து செய்தது. கட்டின கார்களில் அதிகம் பார்ப்பது சாண்டன் கம்பெனியின் கம்ப்ரஸர். எஸ்டி 508 என்றால் 5 பிஸ்டன், 8 கன அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது 138 சிசி. சிறிய கூப்பேக்கு இது தாராளம். பிராக்கெட்டும் பெல்ட் நேர்கோடும்தான் பெரிய வேலை, பெல்ட் அரை சென்டிமீட்டர் கோணல் போனாலும் கத்தும், அறுந்துபோகும்.

டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ போல 7000 சுற்றுக்கு மேல் போகும் எஞ்சின் என்றால் புல்லி அளவைக் கணக்குப் பாருங்கள். கிராங்க் புல்லி பெரிதாகவும் கம்ப்ரஸர் புல்லி சின்னதாகவும் இருந்தால் கம்ப்ரஸர் எஞ்சினை விட வேகமாகச் சுற்றும், அதன் தாங்குதிறனைத் தாண்டிவிடும். முழு ஆக்சிலேட்டர் மிதித்தால் கிளட்சை விடுவிக்கும் ஒரு ரிலே வைப்பது நல்லது. ஐடிலில் எஞ்சின் துவண்டால், ஏர்கோன் போடும்போது ஐடில் சுற்றை ஏற்றிக் கொடுக்கும் ஐடில்-அப் வால்வு வேண்டும். அது ஹாஃப்கட்டோடு வந்திருக்கும், தேவையில்லை என்று கழற்றி ஓரமாகப் போட்டிருப்பீர்கள்.

புளோவர் சத்தம் மட்டும் வருது, காத்து வரலை.

மல்டிமீட்டரை புளோவர் மோட்டார் முனையிலேயே வைத்துப் பாருங்கள். பாட்டரியில் 13.8 வோல்ட் இருக்கும், மோட்டாரில் 11 வந்தால் வயர் மெல்லியது. தனி ரிலே, தடித்த வயர், உடம்பு பைபர்கிளாஸ் என்பதால் எர்த்தும் சேஸி வரை தனியாக இழுக்க வேண்டும். அப்புறம் டக்ட்: வளைவு குறைவாக, நசுங்காமல், வேண்டாத நீளம் இல்லாமல். டேஷ்போர்டுக்குப் பின்னால் போகும் டக்ட் சூட்டில்தான் கிடக்கிறது, அதற்கும் மெல்லிய ஃபோம் சுற்றுங்கள்.

வெளிக்காத்து வைக்கிறதா, உள்காத்தா?

உள்காற்று. நம் காற்றில் சூட்டை விட ஈரம்தான் பெரிய சுமை. காயிலில் ஒரு மணி நேரத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் வடிந்தால் அதற்கு மட்டும் ஏறக்குறைய 0.7 கிலோவாட் குளிர்ச்சி செலவாகிறது, அந்த அளவு குளிர் உங்கள் முகத்துக்கு வராது. ஓட்டை அடைக்காத காரில் நீங்கள் எதை வைத்தாலும் வெளிக்காற்றுதான்.

வெயிலில் நிறுத்தின காரை எடுக்கும்போது மட்டும் முதல் இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள், வெந்த காற்று போகட்டும்.

காலடில தண்ணி சொட்டுது.

வடிகுழாயைச் சரிவாக இறக்கி, தரை வழியாக வெளியே விடுங்கள். நடுவில் தொங்கி வளைந்தால் தண்ணீர் நின்று திரும்பும். எக்ஸாஸ்ட் பக்கம் முனை வேண்டாம்.

ஹோஸ் எல்லாம் நானே மாட்டிட்டேன். பட்டறைல எதைக் கேட்டுச் செய்யச் சொல்லணும்?

டிரையர் பாட்டிலைக் கடைசி நிமிடத்தில் மாட்டச் சொல்லுங்கள். அது ஈரம் உறிஞ்சும் சாமான், மூடியைத் திறந்து வைத்தால் நம் ஊர்க் காற்றிலேயே நிறைந்துவிடும். ஆர்134ஏ கம்ப்ரஸரின் பிஏஜி எண்ணெயும் அப்படித்தான், டின்னைத் திறந்து போட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. எந்தத் தரம் என்று கம்ப்ரஸர் ஒட்டுத்தாளில் இருக்கும். அதன் பின் வேக்கம், குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம். வேக்கம் என்பது காற்றை எடுக்க மட்டும் இல்லை, அழுத்தம் அவ்வளவு இறங்கினால் உள்ளே ஒட்டியிருக்கும் தண்ணீர் அறைச் சூட்டிலேயே கொதித்து வெளியேறும். பம்பை நிறுத்திய பிறகு ஊசி அசையாமல் நிற்கிறதா என்று கூடவே நின்று பாருங்கள். அவசரப்படுகிற பட்டறை இந்த இடத்தில்தான் நேரத்தை மிச்சம் பிடிக்கும்.

கேஸ் எவ்வளவு என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஏனென்றால் உங்கள் கார் ஒன்றே ஒன்றுதான். கேஸ் டின்னைத் தராசில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அழுத்தமும் வென்ட் டெம்பரேச்சரும் நன்றாக வந்த இடத்தில் நிறுத்தி, எத்தனை கிராம் போனது என்று பானெட்டுக்கு அடியில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை யாரும் குத்துமதிப்பாக அடிக்க வேண்டாம்.

சமையல் கேஸ் மாதிரி ஒரு கேஸ் இருக்காம், நல்லா குளிருமாம்?

புரோப்பேன், பியூட்டேன் கலவையைச் சொல்கிறார்கள். குளிரும். தீப்பற்றவும் செய்யும். கூலிங் காயில் உங்கள் முழங்காலுக்கு மேலே இருக்கிறது, கசிந்தால் கேபினுக்குள்தான் நிறையும், அங்கே நீங்கள் சொந்தமாக இழுத்த வயர்கள் வேறு. என் பட்டறையில் செய்யமாட்டேன். பழைய ஆர்134ஏ கேஸைக் காற்றில் திறந்து விடுவதும் வேண்டாம். கரியமில வாயுவை விட 1,430 மடங்கு வெப்பம் பிடிக்கும் சாமான் அது, மீட்டெடுக்கும் மெஷின் உள்ள கடையில் கொடுங்கள்.

டின்ட் ஒட்டினா உதவுமா? எவ்வளவு கறுப்பு?

நிறைய உதவும், ஆனால் கறுப்பைப் பார்த்து வாங்காதீர்கள். அகச்சிவப்புக் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று கேளுங்கள், வெளிறிய செராமிக் ஃபிலிம் மலிவான கறுப்பு ஃபிலிமை விடக் குளிர்ச்சியாக இருக்கும். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) விதிப்படி முன் கண்ணாடி 70 விழுக்காடு, முன் பக்கக் கண்ணாடி 50 விழுக்காடு வெளிச்சத்தை விட வேண்டும். பின்பக்கத்துக்கு 2019 மே முதல் அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆகவே கூப்பேயின் பெரிய பின் கண்ணாடியில் தாராளமாக ஒட்டலாம்.

மின்சாரத்துல ஓடுற கம்ப்ரஸர் போட்டா எஞ்சினுக்குச் சுமை இல்லையே?

12 வோல்ட்டில் 2.4 கிலோவாட் இழுக்க 200 ஆம்பியர் வேண்டும். உங்கள் ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர் என்று பார்த்துவிட்டு வாருங்கள். அந்தச் சுமையும் கடைசியில் எஞ்சின் தலையில்தான் விழும்.

கூரையே இல்லாத லோட்டஸ் 7 வகைக்கு ஏர்கோன் போடலாமா?

ஏர் ஏசியாவின் டோனி பெர்னாண்டஸ் 2011இல், லோட்டஸ் 7 வகைக் கார் செய்யும் கேட்டர்ஹாம் கம்பெனியை வாங்கியதிலிருந்து இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. போடலாம், வெளியே போகும் குளிரை யார் அனுபவிப்பது? அந்தப் பணத்தில் கால் பெட்டி ஓட்டைகளை அடைத்து, எக்ஸாஸ்டுக்குத் தகடு மாட்டி, வெளியே காற்று பிடிக்கும் சின்ன மூக்கிலிருந்து காலுக்கு ஒரு டக்ட் இழுத்துவிடுங்கள். அப்புறம் காலை எட்டு மணிக்குள் ஓட்டிவிட்டு வீடு வந்து சேருங்கள்.